அமிலம் சங்கிலியில் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்தை வேண்டிய இடத்தில் விடுவிக்கும் பாலிமர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் 'நைப்பாமுடன் கொஞ்சம் அக்ரிலிக் அமிலம் சேர்த்தால் வெப்பம், அமிலத்தன்மை இரண்டுக்கும் வேலை செய்யும்' என்ற வரியை நம்பி ஒரு மாணவர் ஆய்வில் இறங்கினால் பல மாத உழைப்பு வீணாகும்.

நைப்பாம் (என்-ஐசோப்ரோபைல் அக்ரிலமைடு) என்ற மோனோமரை, அதாவது சிறு மூலக்கூறை, சங்கிலியாகக் கோத்த பாலிமர் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நீரில் கரைந்திருக்கும். அதைத் தாண்டினால் சங்கிலி சுருண்டு, கரைசல் பால்போல் வெளுக்கும். அக்ரிலிக் அமிலத்தைச் சங்கிலி நெடுகத் தூவிவிட்டால், இரத்தத்தின் பிஎச் 7.4-இல் அமிலத் தொகுதிகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுருளும் வெப்பநிலை உடல் வெப்பமான 37-க்கு மேலே போய்விடும். அமிலம் சுமார் 10 மோல் சதவீதத்தைத் தாண்டினால் சுருளாமலே போகலாம். குறைத்தாலோ பிஎச் உணர்வு மங்கிவிடும். இந்தச் சிக்கலுக்கு 1995-இல் 'நேச்சர்' இதழில் சென், ஹாஃப்மன் இருவரும் வழி காட்டினார்கள்: பாலிஅக்ரிலிக் அமிலம் அடிச்சங்கிலி, நைப்பாம் அதில் ஒட்டிய கிளைகள். பிரிந்திருப்பதால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

புற்றுக்கட்டியைச் சுற்றி பிஎச் 6.5 முதல் 7 வரை இருக்கும். அக்ரிலிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத் தொகுதிகளில் பாதி மின்னூட்டம் பெறும் பிஎச்) 4-க்குச் சற்று மேலே. அதனால் 6.5-க்கும் 7.4-க்கும் உள்ள வேறுபாடு அதற்கு அநேகமாகத் தெரியாது. அங்கே அந்த பிஎச் எல்லையிலேயே மின்னூட்டம் மாறும் இமிடசோல், சல்ஃபோனமைடு போன்ற தொகுதிகள்தாம் உதவும். குடலில் கரைய வேண்டிய மாத்திரைப் பூச்சுக்கு அக்ரிலிக் அமிலத்தில் உள்ளது போன்ற கார்பாக்சில் தொகுதி போதும்: பூச்சுப் பாலிமரான யூட்ராஜிட் எல்100 பிஎச் 6-க்கு மேல் கரைகிறது, எஸ்100 7-க்கு மேல்.

கட்டுரையின் நைப்பாம் ஜெல் செய்முறையிலும் சில விட்டுப்போயின. 100 மி.லி. நீருக்கு 7.8 கிராம் நைப்பாம், குறுக்குப்பிணைப்புக்கு 0.133 கிராம் பிஸ் அக்ரிலமைடு என்பது வழக்கமான அளவு. அமில மோனோமர் சேர்ப்பதானால் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்க வேண்டும். இல்லையென்றால் வினையை முடுக்கும் டெமெட் என்ற சேர்மத்தை அமிலம் முடக்கி, ஜெல் பிடிக்கத் தாமதமாகும். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுவது கட்டாயம். பாத்திரம் பனிக்கட்டி நீரில் இருக்கட்டும். வினையின் வெப்பத்தில் கலவை 32-ஐத் தாண்டினால் ஜெல் வெளுத்து, சீரற்றதாகிவிடும். கழுவுவதும் குளிர்ந்த நீரிலேயே, நாள்கணக்கில், நீரை மாற்றி மாற்றி. சுடுநீரில் வெளிப்புறம் தோலாக இறுகி, நச்சான மீதி மோனோமர் உள்ளேயே தங்கிவிடும்.

உப்பு சுருளும் வெப்பநிலையைக் கீழே இழுக்கும். கட்டுரையில் உள்ள வரைபடம் காய்ச்சி வடித்த நீரில் எடுத்ததா, உப்புள்ள தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) எடுத்ததா என்பதை அடுத்த இதழில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாலிமர் துறை வாசகர், சென்னை