கோமதிக்கு ஒரு கடிதம்: ஐஸ் ஹவுஸ் பெண்கள்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து இவ்வளவு கோணல் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி வைத்துப் படிக்க வைத்த சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி ஒரு சண்டைக்கே அடி போட்டிருக்கிறாய். "விடுதி நடத்தினார், சரி. விதவைகளை மொட்டையடிக்கும் கொடுமையை ஏன் நேருக்கு நேர் எதிர்க்கவில்லை? முதலில் பிராமண விதவைகளை மட்டும் ஏன் சேர்த்துக்கொண்டார்?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். நானும் ரொம்ப காலம் இதையே கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்குப் போயிருந்தேன், அந்தக் கால ஐஸ் ஹவுஸ்தான். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளை வைக்க 1842-ல் கட்டிய வீடு அது என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐஸ் கரைஞ்சு போகாதா பாட்டி?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியதைச் சொன்னேன். அதற்கப்புறம் மொட்டைத் தலையோடு சின்னப் பெண்கள் அங்கே குடியிருந்தார்கள் என்றபோதுதான் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன் மொட்டை? திருப்பதியா?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது, சொல்.

எங்கள் அத்தைப் பாட்டியை உனக்கு நினைவிருக்குமே, சின்ன வயதிலேயே விதவையானவள், நார்மடிப் புடவை, ஒரு வேளைச் சாப்பாடு. புருஷன் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. எழுத்து தெரியாது, எண் எழுதத் தெரியாது. பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பாள். மாசக் கடைசியில் தாத்தா பேனாவும் நோட்டுமாகக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, அம்மியில் துவையல் அரைத்தபடி மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. பட்டணத்தில் இந்த மாதிரிப் பெண்களைப் படிக்க வைக்கிறார்களாம் என்று அவளுடைய சின்ன வயதில் யாரோ வந்து சொன்னார்களாம். "அங்கே மடி ஆசாரம் உண்டா?" என்பதுதான் அவள் அப்பா கேட்ட முதல் கேள்வி. உண்டு என்று சொன்னார்களாம். அப்படியும் அனுப்பவில்லை.

உன் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அனுப்பாத அப்பாவுக்கே அதுதான் முதல் கேள்வி என்றால், அனுப்பலாமா என்று யோசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மழித்த தலையைப் பற்றி அன்றே மேடை போட்டுப் பேசியிருந்தால் ஒரு பெண்ணும் வந்து சேர்ந்திருக்க மாட்டாள். சுப்புலட்சுமிக்கு அந்த வேதனை தெரியாமலா இருக்கும்? 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர், 11 வயதில் கல்யாணம், சீக்கிரமே தாலி போயிற்று. அப்பா சுப்ரமணிய ஐயரும் அம்மா விசாலாட்சியும் மகளின் தலையில் கத்தி படவிடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தின் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே படித்து 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மதராஸ் மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான்.

அடுத்த வருடமே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் வந்து உட்கார்ந்து பேச, சொற்பொழிவு கேட்க ஓர் இடம். விடுதிக்குப் பணம் திரட்டவும் அதுவே வழி. எழும்பூர் வீட்டில் நாலே நாலு இளம் விதவைகளோடு விடுதி ஆரம்பமாயிற்று. கூட நின்று பார்த்துக்கொண்டவர் சித்தி வாலாம்பாள், அவரும் விதவைதான். எனக்கு இந்தச் சித்தியைத்தான் அதிகம் பிடிக்கும். பட்டம் வாங்கியவரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இத்தனை பெண்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, ராத்திரி அழுகிற குழந்தையைத் தட்டித் தூங்க வைத்தவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

சில வருடங்களில் விடுதி ஐஸ் ஹவுசுக்கு வந்தது. 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் அதே கடற்கரையில்தான். 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதை நடத்தியவரும் இவரே. பள்ளி, பயிற்சி, டீச்சர் வேலை, மாசச் சம்பளம் என்று ஒரு பெண் நடந்து போக முழுப் பாதையையும் போட்டுவிட்டார். சம்பளம் வாங்குகிற பெண்ணை மூலையில் உட்காரச் சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்? வயதில் மூத்த விதவைகளுக்காக 1920-களில் சாரதா வித்யாலயாவும் வந்தது. பெண்ணுக்கு 14 வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1929-ல் வந்தபோது அதை ஆதரித்தும் பேசினார். வாயை மூடிக்கொண்டே இருந்தவர் என்று சொல்லிவிட முடியாதடி.

ஆனால் ஜாதி விஷயத்தில் உன் பக்கம்தான் நான். ஆரம்பத்தில் அது தந்திரமாகவே இருந்திருக்கலாம். வெளியே நின்ற பெண்ணுக்குத் தந்திரமும் ஒன்றுதான், கதவடைப்பும் ஒன்றுதான். அதைப் பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று சொல்ல மறந்தேன். ஆறாம் வகுப்பில் நமக்குக் கணக்கு எடுத்த வெள்ளைப் புடவை டீச்சரை ஞாபகம் இருக்கிறதா? நாம்கூட 'தராசு' என்று பேர் வைத்தோமே. பின்னத்துக்கு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக மேஜையில் வைப்பார், மணி அடித்ததும் ஆளுக்கொன்று கொடுப்பார், தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் ஐஸ் ஹவுசில் வளர்ந்தவர் என்று அக்கா போன வாரம்தான் போனில் சொன்னாள். ஒன்பது வயதில் அங்கே வந்து சேர்ந்தாராம். நீயும் நானும் முதுகுக்குப் பின்னால் அவர் நடையைப் போலச் செய்து காட்டிச் சிரித்தோம்.

அந்த வருஷ குரூப் போட்டோ உன் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். என்னுடையது வெள்ளத்தில் போயிற்று. பேரனிடம் சொல்லி போனில் படம் பிடித்து அனுப்பச் சொல். அவர் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைவு. இப்போதுதான் கண் நன்றாகத் தெரிகிறதே, பார்க்க வேண்டும்.

உன்,
ராஜி