கோயம்பேடு போய் வந்த கதை

ஆதம்பாக்கம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று சாமான்களையெல்லாம் கூடத்தில் குவித்துவைத்திருந்ததில் உட்கார்ந்து எழுத இடமே இல்லை. பேத்தியின் காதுகுத்துப் படங்களைப் பார்த்தேன். குழந்தையைவிட நீதான் அதிகமாக அழுதிருக்கிறாய் போலிருக்கிறதே! இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் சித்திரையில் வருகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி எழுதப்போவது வேறு விஷயம், அதில் உன் உதவியும் எனக்கு வேண்டும்.

எங்கள் தெருக் காய்கறி அக்காவை உனக்குத் தெரியும். போன முறை இங்கே வந்திருந்தபோது அரைக் கிலோ கத்திரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் அவர் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையோடு கொடி பிடிக்காத குறையாக வீட்டுக்குள் நுழைந்தாயே, அதே அக்காதான். அவருடன் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன்.

வழக்கமாக அவருடைய மகள்தான் கூடப் போவாள். அவள் இப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். வாங்கிய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லையென்றால், அடுத்த கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பை குறைந்திருக்கும் என்று அக்கா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். “நான் வருகிறேனே” என்றேன். “இன்னா டீச்சரம்மா, வெளாட்றியா? ராத்திரி ஒரு மணிக்குக் கெளம்பணும்” என்றார். இவர் பதறினார், பிறகு தானே எழுந்து பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தார்.

ஐந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கத்திப்பாரா தாண்டி வடபழனி வழியாக நூறடி ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. மார்க்கெட்டை நெருங்கியதும்தான் ஊர் முழுவதும் இங்கே விழித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் என்று நம்பர் பிளேட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் என்று நானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கொத்தமல்லிக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் வரிசைக்குள் நுழையும்போது வரும் பச்சை வாசனையை எந்தப் பாடமும் சொல்லாது வசந்தி. ஊட்டியிலிருந்து கழுவியே வந்த கேரட் ஒரு பக்கம் சிவப்பாக மின்னுகிறது, எதிரே மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மூட்டைகள். காலடியில் முட்டைக்கோஸ் இலையும் சேறும். தலையில் சும்மாடு கட்டி மூட்டை சுமந்து வருகிறவர்கள் “வழி, வழி” என்று குரல் கொடுப்பதோடு சரி, நிற்பதில்லை. நாம்தான் ஒதுங்க வேண்டும். அத்தனை எடையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் அவர்கள் வைக்கும் ஒவ்வோர் அடியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கடை முழுக்கச் சௌசௌ. மூட்டை மூட்டையாகச் சௌசௌ! அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். அக்கா பயந்து போய் “இன்னா ஆச்சு?” என்றார். நம் ஹாஸ்டல் வார்டனின் சௌசௌவை அவருக்கு எப்படி விளக்குவது? உனக்குச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா வாங்கும் அழகைச் சொல்கிறேன் கேள். போனவுடன் எதையும் வாங்குவதில்லை. முதலில் ஒரு சுற்று சும்மா நடக்கிறார். விலைகூடக் கேட்பதில்லை, “லோடு எத்தினி?” என்றுதான் கேட்கிறார். மதனப்பள்ளியிலிருந்தும் கோலார் பக்கத்திலிருந்தும் இன்றைக்குத் தக்காளி எத்தனை லாரி வந்தது என்று தெரிந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே மழை என்றால் இங்கே வரத்துக் குறையும். வரத்துக் குறைந்த நாளில் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும், நிறைய வந்த நாளில் பொறுத்திருக்க வேண்டும். இரண்டு மணிக்குச் சொன்ன விலை நான்கரைக்கு இருப்பதில்லை. வாடிப்போகும் சரக்கை வைத்துக்கொண்டு கடைக்காரர் எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடிக்க முடியும்?

இரண்டாவது சுற்றில்தான் கை நீள்கிறது. பீன்ஸ் மூட்டையில் மேலே இருப்பதைத் தொடவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிக்கிறார். சத்தம் சரியாக வந்தால் எடை போடச் சொல்கிறார். கத்திரிக்காய்க்குக் காம்பைப் பார்க்கிறார், வெண்டைக்காய்க்கு நுனி. கடைக்காரரும் அவரை “வாக்கா” என்று கூப்பிட்டுத் தராசைத் திருப்பிக் காட்டுகிறார். பேரம் எல்லாம் நான்கே வார்த்தைதான். உன்னைப் போல அரை மணி நேரம் பேசினால் அங்கே விடிந்துவிடும்!

நான் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து காவல் காத்தேன். இந்த இடம் 1996-இல் வந்தது. கொத்தவால்சாவடியில் இருந்த பழைய மார்க்கெட்டை அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்தார்கள். நீயும் நானும் காலேஜ் ஹாஸ்டல் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் வாங்கக் கொத்தவால்சாவடிச் சந்துக்குள் போய், மாட்டு வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி வந்தது நினைவிருக்கிறதா? உங்கள் திருச்சியில் காந்தி மார்க்கெட்டை மாற்றுவதற்கென்று கள்ளிக்குடியில் கடைகளைக் கட்டி வைத்தும் வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்களே, இங்கே மட்டும் எப்படி நடந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே கடைகளை வியாபாரிகளுக்கே விற்றார்கள். அது பெரிய காரணமாக இருக்க வேண்டும். சொந்தக் கடை என்றால் மனுஷர் எங்கும் போவார்கள்.

இந்த மார்க்கெட்டையும் மாற்றப்போவதாக அவ்வப்போது பேச்சு எழுகிறது. அக்காவுக்கு அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது, காரணம் 2020. அந்த மே மாதம் தொற்று பரவி மார்க்கெட்டை மூடினார்கள். காய்கறியைத் திருமழிசைக்கும், பூவையும் பழத்தையும் மாதவரத்துக்கும் கொண்டுபோனார்கள். செப்டம்பர் கடைசியில்தான் இங்கே மறுபடி திறந்தது. திருமழிசை பூந்தமல்லிக்கு அப்பால், திறந்த வெளி. மழை பெய்தால் சேற்றில் சக்கரம் புதையும், வண்டி வாடகையோ எகிறிவிட்டது. கையில் வைத்திருந்த வியாபார முதலெல்லாம் அந்த மாதங்களில்தான் கரைந்தது என்றார்.

இதைச் சொன்னது டீக்கடையில், நான்கு மணிவாக்கில். அதற்குச் சற்று முன்னால் ஒரு கடையில் குடைமிளகாய் பார்த்தோம். பளபளவென்று நல்ல சரக்கு, விலையும் இறங்கியிருந்தது. எங்கள் தெருவில் அது கண்டிப்பாக விற்றுப்போகும். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். சுருக்குப் பையைத் திறந்து காட்டினார். மடித்த நோட்டுகள் கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் வெங்காயத்துக்கு. தக்காளியும் இரண்டாம் ரகம்தான் வாங்கியிருந்தார். தரம் தெரியாமல் அல்ல, காசு இல்லாமல்.

முதலுக்கு என்ன செய்கிறார் தெரியுமா? ஒருவன் பைக்கில் ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறான். 2,700 ரூபாய் கொடுக்கிறான். மறுநாள் சாயங்காலம் 3,000 கொடுத்துவிட வேண்டும். அன்று ராத்திரி மறுபடி 2,700. இப்படியே 2020-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நீ வங்கியில் இருந்தவள், கணக்கை நீயே போட்டுப் பார். நூற்றுக்குப் பதினொரு ரூபாய்க்கும் மேல், வருஷத்துக்கு அல்ல, ஒரே நாளைக்கு. மாதத்தில் 26 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொண்டால் 7,800 ரூபாய் வட்டி. கைக்கு வருவதோ அதே 2,700 ரூபாய். டீ ஆறிப்போகும் வரை எனக்கு வாயே எழவில்லை. நடுராத்திரியில் எழுந்து, முழங்கை வரை மூட்டைக்குள் விட்டுத் தேடி, வெயிலில் தெருத் தெருவாக வண்டி தள்ளிச் சம்பாதிப்பதில் பெரும்பங்கு பைக்கில் வருகிறவனுக்குப் போகிறது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. “போலீசுக்குப் போகலாமே” என்றேன். அக்கா என்னைக் குழந்தையைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

“அவன் இல்லன்னா யாரு குடுப்பா டீச்சரம்மா? பதினோரு மணிக்கு வூட்டாண்ட வந்து குடுத்துட்டுப் போறான். பேங்கு பத்து மணிக்குத்தானே தொறக்குது? அதுக்குள்ள என் காய் பாதி வித்துடும்.”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? சட்டம் அவனைத் தடுக்கலாம், ஆனால் நாளை ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்கு 2,700 ரூபாய் கொடுக்க அந்தச் சட்டத்தால் முடியாது. நான் அங்கேயே என் பர்ஸைத் திறந்தேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “உன்னாண்ட வாங்கினா நாளைக்கு உனக்குக் காய் விக்கும்போது என் வாய் எழும்பாது” என்றார். அவர் சொன்னது சரி. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஆனால் வங்கிக் கடன் என்றால் அவருக்குச் சம்மதம். தெரு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரதமர் ஸ்வநிதி திட்டம் உனக்குத் தெரிந்ததுதான். 2020-இல் ஆரம்பித்தபோது முதல் கடன் 10,000, இப்போது 15,000 ஆக்கியிருக்கிறார்கள். அடமானம் கிடையாது, ஒழுங்காகக் கட்டினால் ஏழு சதவீத வட்டி மானியம். ஒரு வருஷத் தவணை என்றால் மாதம் 1,500-க்குள் முடிந்துவிடும். 7,800 எங்கே, 1,500 எங்கே! மாநகராட்சி கொடுத்த தெரு வியாபாரி அடையாள அட்டை அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். இருந்தும் ஒரு கிளையில் இன்று போய் நாளை வா என்று அலையவிட்டிருக்கிறார்கள். ஆதாரில் இருப்பது பழைய போன் நம்பர், அந்த சிம் இப்போது இல்லை, ஓடிபி வரவில்லை. இதைக்கூட அவருக்குச் சரியாகச் சொல்லி அனுப்பவில்லை. “சர்வர் இல்லை” என்றார்களாம். வியாபாரத்தை விட்டுவிட்டுப் போய் நிற்கிற ஒவ்வொரு காலைக்கும் அந்த 300 ரூபாய் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு யார் சொல்வது? நீ இருந்த கிளையாக இருந்தால் இப்படி நடந்திருக்காது, அதை நான் முகஸ்துதிக்குச் சொல்லவில்லை.

அப்புறம், வெளிச்சம் வரும் முன்பே அக்கா சரக்கோடு கிளம்பிவிட்டார். நான் இருந்துவிட்டேன். பூ மார்க்கெட்டைப் பார்க்காமல் வந்தால் நீ என்னைச் சும்மா விடுவாயா? மறுநாள் முகூர்த்தம், மல்லிகை விலை சொல்ல முடியாத உயரத்தில் இருந்தது. மூட்டையிலிருந்து கொட்டிய சம்பங்கிக் குவியலைத் தாண்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கடைப் பக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்தான் எங்கு பார்த்தாலும். ஒன்பது மணிக்குத் திரும்பக் காய்கறிப் பக்கம் வந்தால், ராத்திரி ராஜாவாக இருந்த கொத்தமல்லியைப் பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள். லாரி நின்ற இடங்களில் சிந்திய வெங்காயத்தைச் சில பெண்கள் பொறுக்கி, தோல் நீக்கி, கூறு கட்டி விற்றார்கள். நானும் ஒரு கூறு வாங்கினேன். நல்ல வெங்காயம். மெட்ரோவில் பரங்கிமலை வரை என் பையிலிருந்த புதினா வாசனைக்குப் பக்கத்து சீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலாவது, ஆதாரில் நம்பர் மாற்றிய பிறகு விண்ணப்பத்தை நேரடியாக நாமே போர்ட்டலில் போடலாமா, கிளை மூலம்தான் போக வேண்டுமா? இரண்டாவது, கிளை திருப்பி அனுப்பினால் மேலே யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுதினால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்? அந்த மொழி உனக்குத்தான் கைவந்தது, ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு நீ எழுதிய புகாரை இன்னும் யாரும் மறக்கவில்லை. மூன்றாவது, கடன் கைக்கு வரும் வரை நடுவில் இருக்கும் நாட்களுக்கு ஏதாவது சுயஉதவிக் குழு மூலம் வழி உண்டா? உன் பழைய சகாக்கள் யாராவது சென்னையில் இருந்தால் அவர்களிடம் பேசு. நம்பர் மாற்ற அக்காவை இ-சேவை மையத்துக்கு நான் செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன், அன்றைக்கு வண்டியை மருமகன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

கடிதம் கிடைத்ததும் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே, போன் பண்ணு. மாலை ஏழு மணிக்கு மேல் என்றால் அக்காவும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார், நீயே அவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம். கத்திரிக்காய் பற்றி மட்டும் பேச்செடுக்காதே.

அன்புடன்,
ராஜி