புதிய மேட்ரனுக்கு

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. நர்சிங் சூப்பிரண்டெண்ட் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. இவருக்கும் வாசித்துக் காட்டினேன். பதவிக்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்; எனக்கு நீ இனிமேல் மேட்ரன்தான், அப்படித்தான் கூப்பிடுவேன்.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு பெங்களூரில் வேலை உறுதியாகிவிட்டது. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகையும் அசனமும் (சபை விருந்து) நல்லபடியாக முடிந்தன. ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. நம் வார்டன் அம்மா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனைக்குப் பழைய ஹாஸ்டல் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆளாளுக்கு ஒரு கதை சொன்னோம். ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஞாபகம் இருந்தது அந்தக் கணக்கு நோட்டு.

உனக்கும் மறந்திருக்காது. மெஸ்ஸுக்குப் பணம் போதாத அந்த ஒரு வருஷம், சாயங்கால ஜெபம் முடிந்ததும் நம்மை அப்படியே சாப்பாட்டு ஹாலில் உட்காரவைத்து, நோட்டைத் திறந்து வரி வரியாக வாசித்தார்களே. அரிசிக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, கட்டணம் பாக்கி இவ்வளவு. யாருடைய பாக்கி என்று ஒரு பெயரைக்கூட வாய்தவறிச் சொல்லவில்லை. 'இதற்குள் நாம் எல்லாரும் சாப்பிடவேண்டும், எதைக் குறைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்' என்றார்கள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள் நாம். முட்டையை நிறுத்தவேண்டாம், சாயங்காலப் பலகாரத்தை நிறுத்திவிடலாம் என்று நாமே முடிவு பண்ணினோம். அந்த வருஷம் முழுக்க யாரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்து ஹாஸ்டலில் அதே பலகாரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியதற்குத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பதும் உனக்குத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், உன் கடிதத்தில் நீ கேட்டிருக்கும் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதற்குள்தான் இருக்கிறது. நைட் டியூட்டி முறையை மாற்றி சர்க்குலர் அனுப்பினாய். மாற்றம் அவர்களுடைய நல்லதுக்குத்தான். ஆனாலும் ஸ்டாஃப் நர்ஸ்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை, இரண்டு பேர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் முடிவு சரியானதாகவே இருக்கலாம். அந்த முடிவுக்கு நீ எப்படி வந்தாய் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யோவான் 15:15-ஐ எடுத்துப் பார். 'இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை, ஊழியக்காரன் தன் எஜமான் செய்கிறதை அறியமாட்டான்.' அதற்கப்புறம் ஆண்டவர் அவர்களைச் சிநேகிதர் என்கிறார்; காரணத்தையும் கூடவே சொல்கிறார்: பிதாவினிடத்தில் கேட்ட எல்லாவற்றையும் அவர்களுக்கு அறிவித்துவிட்டாராம். சிநேகிதருக்கும் வேலையாளுக்கும் ஆண்டவர் வைத்த வித்தியாசம் இதுதான். சம்பளமும் சலுகையும் புன்சிரிப்பும் இதற்குப் பின்னாலே வருகிறவை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். தலைமையைப் பற்றி வேதத்தில் எத்தனையோ வசனங்கள் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் பொறுப்பில் இருந்த காலம் முழுக்க என்னைப் பிடித்து நடத்தியது இந்த ஒரு வசனம். டைம்டேபிள் மாற்றினால்கூட ஏன் என்று முதலில் ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு அவர்களில் யாராவது ஒருவர் என்னுடையதைவிட நல்ல வழி சொல்வதும் உண்டு.

நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வெள்ளாளன்விளை அசரியா ஐயரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தோம், ஆனால் 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அவர் பேசியதைப் பெரியவளான பிறகுதான் முழுசாக வாசித்தேன். உலக மிஷனெரி மாநாடு அது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இவருக்கு வயது 35. வெள்ளைக்கார மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பது இவருக்குக் கொடுத்த தலைப்பு. இரண்டு தரப்புக்கும் நடுவே இருப்பது எஜமானுக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவுபோல இருக்கிறது என்பதை அந்தச் சபையின் முகத்துக்கு நேராகவே சொன்னார். பேச்சின் முடிவில் 1 கொரிந்தியர் 13-ஐ அவர்கள் பக்கமே திருப்பினார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்றார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டில் பேசியதில் இன்றைக்கும் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கும் வார்த்தை அதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதிகாரம் தன் கைக்கு வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஜனங்கள், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள், எழுத்தறியாதவர்கள். ஞானஸ்நானம் பெற்ற அன்றைக்கே அவர்களுடைய கையை அவர்கள் தலைமேலேயே வைக்கச் சொல்லி, 'நான் ஞானஸ்நானம் பெற்றவன். சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ' என்று சொல்லவைப்பாராம். யோசித்துப் பார். ஊரிலே யாரும் நிமிர்ந்து பார்க்காத ஒரு கூலிக்காரரிடம், வந்த முதல் நாளே, இந்த வேலையில் உனக்கும் பங்கு உண்டு என்று பேராயர் சொல்லுகிறார். படித்தபிறகு தருகிறேன், பழகினபிறகு தருகிறேன் என்று பொறுப்பைத் தன் கையிலே வைத்துக்கொள்ளவில்லை. 1945 புத்தாண்டு நாளில் அவர் மரிக்கும் வரைக்கும், முப்பது வருஷத்துக்கு மேல், அங்கேயே இருந்தார். எடின்பரோவில் கேட்டதைத் தோர்ணக்கல்லில் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உன் வார்டுக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு வருஷம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு மெனக்கெட்டு என்ன பயன் என்று எழுதியிருந்தாய். போகட்டுமே. கடன் அடைக்கவும் தம்பி தங்கையைப் படிக்கவைக்கவும் போகிறார்கள். இருக்கிற இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளையை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவள் வேலை செய்வதே வேறு மாதிரி இருக்கும். குவைத்தில் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதும் உன்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் செய்வாள். அதுவும் ஊழியம்தானே.

இன்னொன்று. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிற பிள்ளைகளிடம் காலை ஹேண்ட் ஓவர் நேரத்தில் குறை சொல்லாதே. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழே படுத்துக்கிடக்கிறார். தேவன் அவருக்கு முதலில் உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான், ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. நைட் டியூட்டிக்குச் சூடாக ஏதாவது சாப்பாடு கிடைக்கிறதா, கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ள அறை உண்டா என்று நீயே ஒருநாள் ராத்திரி போய்ப் பார்.

தப்பைத் தப்பென்று சொல்லவேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதே. மருந்து மாறினால் ஒரு உயிர். இரக்கப்பட்டு ஒருத்தியின் அலட்சியத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவளுடைய வேலை சத்தமில்லாமல் செய்கிற இன்னொருத்தியின் தலையில் விழும்; முதலில் ராஜினாமா கொடுப்பவளும் அவள்தான். மத்தேயு 18:15-இல் இதற்கு வழி இருக்கிறது: நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல். டாக்டருக்கு முன்னால் வேண்டாம், நோயாளியின் வீட்டாருக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முதலில் கேள். நடந்ததை மறைக்காமல் சொல்ல அவளுக்குத் தைரியம் இருந்தால்தான் அடுத்த தப்பு உன் காதுக்கு வரும்.

ஏட்டி, உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வார்டு டியூட்டி சார்ட்டையும் நானே போடுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் மோசேயின் மாமனார்தான் ஞாபகத்துக்கு வந்தார். காலைமுதல் சாயங்காலமட்டும் மோசே ஒருவராகவே உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்து, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்றார் எத்திரோ. நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடு. கொடுத்தபின் எட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்காதே, ஒரு மாதமாவது விடு. அவர்கள் போட்ட சார்ட்டை வாங்கி உன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள். காலையில் ஜெபிக்கும்போது அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர்களைப் பேர் பேராகச் சொல்லி ஜெபி, துப்புரவுப் பணியாளர்களையும் ஆயாக்களையும் விட்டுவிடாமல். நான் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்து இப்படிச் செய்துகொண்டிருந்தேன். காலையில் ஒருவருக்காக ஜெபித்துவிட்டு மத்தியானம் அவரிடம் கடுமையாகப் பேச வாய் வராது. யாருடைய தாயாருக்கு ஆபரேஷன், யாருடைய பிள்ளை பரீட்சை எழுதுகிறான் என்பதும் தானாக மனசில் நிற்கும். மறுநாள் விசாரிப்போம் அல்லவா, அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நீயே பார்ப்பாய்.

வேலூரில் நீ படித்த காலத்தில் இருந்தே உனக்குத் தெரிந்த வார்த்தைதானே, ஆண்டவர் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்பது. அதைச் செய்யத்தான் உன்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அடுத்த வாரமே நைட் ஸ்டாஃபைக் கூப்பிட்டு, சர்க்குலரை ஏன் போட்டாய் என்று ஆள் பற்றாக்குறைக் கணக்கோடு சொல்லிவிடு. என்ன மாற்றலாம் என்று அவர்களையே கேள். அவர்கள் சொன்னதை எனக்கு விவரமாக எழுது, நல்லதோ கெட்டதோ. மே மாதம் லீவு கிடைத்தால் இங்கே வா, வார்டன் அம்மா வீட்டுக்கும் சேர்ந்து ஒருமுறை போய்விட்டு வரலாம். அவர்கள் தங்கை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

கர்த்தருக்குள்,
உன் ஹாஸ்டல் சிநேகிதி