நான்கு விரற்கடை

எங்கள் ஊராருக்கும், கண்மாய்க் குழுவின் தம்பி தங்கைகளுக்கும், சென்னையிலிருந்து கை கொடுத்த நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவை நேற்று முன்தினம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அவரும், இங்கே அடைமழையில் கண்மாயும் ஒரே நேரத்தில் எங்களைக் கலங்கடித்த அந்தப் பதினொரு நாட்களை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவற்றை மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. மனம் ஆறிய பிறகு எழுதலாமே என்று கணவர் சொன்னார். ஆறிய பிறகு எழுதினால் சில விஷயங்கள் விட்டுப்போகும் என்ற பயத்தினால்தான் இன்றே எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணிக்கு, சேறும் சகதியுமான பாதையில் வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டுவந்த 108 ஊழியர்களுக்கும், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் "தாத்தா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கேட்டுவிட்டே தொட்ட செவிலியர்களுக்கும், கரை கசிந்த இரவில் சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கிய பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு விடிய விடியக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்த நூறு நாள் வேலை அக்காமார்களுக்கும், என் மகளைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பிய எதிர்வீட்டு மதினிக்கும், நான் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் என்னை மறக்காமல் பணம் திரட்டி அனுப்பிய பழைய அலுவலக நண்பர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரையும் தனித்தனியே நேரில் வந்து பார்ப்பேன்.

இந்த மடலில் மீதி இடம் முழுவதும் எங்கள் கண்மாயின் பழைய நீர்பாய்ச்சி ஐயாவுக்கு உரியது. மடையைத் திறப்பதும் அடைப்பதும், முறைவைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும், கண்மாய் நிறைந்தால் மிகுநீர் மறுகாலாக வழிந்தோடும் கலுங்கைக் காவல் காப்பதும் அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் செய்துவந்த வேலை. அதற்குக் கூலியாக அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுத்துவந்தார்கள். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அந்த வழக்கம் நின்றுபோனது, மடைகள் தூர்ந்தன, கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கும் குறைவு என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கையில், சின்னக் கண்மாய் ஒன்றின் முறை எப்போது வரும் என்று ஊர் காத்துக்கொண்டே இருந்தது.

ஊராரே சேர்ந்து நீர்நிலையைச் செப்பனிடும் பழைய வழக்கமான குடிமராமத்து என்ற சொல்லை 2017இல் அரசு மறுபடி எடுத்தபோது, சோழிங்கநல்லூரில் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது. செயலாக அது பல ஆண்டுகள் பிடித்தது. வந்த முதல் கோடையிலேயே குழு சேர்ந்தது, வேலை தொடங்கியது. அப்போது ஐயா கரைக்கு வந்து, "கரையை அப்புறம் உசத்தலாம், மொதல்ல வரத்துக்காலப் பாருங்க" என்றார். நான் அளந்து போட்ட கணக்கைக் காட்டி அவரிடம் வாதாடினேன். பதில் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு மழை பெய்தும் கண்மாய்க்குக் கால் பங்கு தண்ணீர்கூட வந்து சேரவில்லை. இந்தக் கோடையில் வரத்துக்காலை வெட்டினோம். ஆனாலும் நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவைச் சேர்த்த மறுநாள் மாலை ஆறு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும் ஓசைக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "தாயி, கலுங்குக்குப் பதினாறு விரக்கடை குறைச்சல். கரையில கசிவில்ல." அவ்வளவுதான், வைத்துவிட்டார். தண்ணீர் கலுங்கில் வழிய இன்னும் பதினாறு விரல் அகலம் ஏற வேண்டும் என்பது அதன் பொருள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று முதலில் வருந்தினேன். மறுநாளும் அதே நேரத்தில் அழைப்பு வந்தது: பதிமூன்று. அதற்கு அடுத்த நாள் ஒன்பது. அவரிடம் கைபேசி கிடையாது என்பதையும், கலுங்கின் குத்துக்கல்லில் விரல் வைத்து அளந்துவிட்டு, நனைந்துகொண்டே பெட்டிக்கடை வரை நடந்து, கடைக்காரர் கைபேசியில் பேசினார் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். எண்பதை நெருங்கும் வயது அவருக்கு.

ஐந்தாம் நாள் நான்கு விரற்கடை. அன்று அவர் வைத்துவிடவில்லை. "விடிஞ்சா மறுகால் பாயும். கல்லுக்கு இடையில வைக்கோலும் களிமண்ணும் வச்சு அடச்சா இன்னும் ஒரு முழம் தேக்கலாம். அடைக்கவா, விடவா?" என்று கேட்டார். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு நா எழவில்லை. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் ஐயா என்றேன். சிறிது நேரம் மழை மட்டும் கேட்டது. "கரை புதுமண்ணு, இன்னும் இறுகல. இந்த வருசம் விட்டுருவோம். கீழக் கண்மாயும் நம்ம தண்ணிக்குத்தானே காத்துக் கெடக்கு" என்றார்.

வேலையை விட்டபோது நான் இழந்தவற்றை எல்லோரும் எனக்கு எண்ணிச் சொன்னார்கள்; அந்த வாசலில் நின்றபோது நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அப்பா அம்மாவுக்கும் சேர்த்து நிறுவனம் செய்திருந்த மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு சேர்ந்து போய்விட்டது. காரை விற்றதும், மகளை ஊராட்சிப் பள்ளியில் சேர்த்ததும், மாதச் செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததும் இந்த நேரத்தில் தப்பாகிவிட்டதோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். அந்த நடுக்கத்தில் ஐயா கேட்ட கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. அடைக்கலாமா விடலாமா என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஊர்த் தண்ணீரில் பொறுப்புள்ள ஒருவரிடம் கேட்டுச் செய்வதுதான் முறை என்பதால் என்னிடம் கேட்டார். பதினாறு ஆண்டுகள் சென்னையில் இரவு பகலாக என் கைபேசி அலறியிருக்கிறது. அவை எல்லாம் என்னை ஓடி வரச் சொன்ன அழைப்புகள். நீ அங்கே அப்பாவைப் பார், இங்கே நான் இருக்கிறேன் என்பதை விரற்கடைக் கணக்கில் சொன்ன அழைப்பு இதற்குமுன் எனக்கு வந்ததில்லை. சொந்த ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகியும், ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டது அந்த மாலையில்தான் என்று நம்புகிறேன்.

ஐயா, உங்கள் பேத்தி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். வரத்துக்கால் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. அன்று உங்கள் பேச்சைக் கேளாமல் போனதற்கு ஊர் அறிய மன்னிப்புக் கேட்கிறேன். வருகிற தையில் எங்கள் வயல் அறுப்பில் முதல் நெல்லைக் களத்திலேயே உங்களுக்கு அளந்து கொடுப்போம். மற்ற ஆயக்கட்டுக்காரர்களிடமும் இதைப் பேசத் தொடங்கிவிட்டேன். எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது, எந்த மேகத்துக்கு எத்தனை நாளில் தண்ணீர் வந்து சேரும் என்பதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். குழுவின் பிள்ளைகள் இரண்டு பேரும் நானும் உங்களிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறோம். மறுக்காதீர்கள்.

அப்பா இப்போது சாய்ந்து உட்காருகிறார். பேச்சு தெளியச் சில மாதங்கள் ஆகும் என்றிருக்கிறார்கள். நேற்று மாலை வாசல் பக்கம் கை காட்டி என்னவோ கேட்டார். கண்மாயைக் கேட்கிறார் என்று அம்மா சொன்னதும், பெருகிவிட்டது, மறுகால் பாய்கிறது என்றேன். பார்க்க வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வாருங்கள். அந்நேரத்தில் அவரைத் திண்ணையில் உட்காரவைத்திருப்போம்.