பக்திக்கும் மகிழ்ச்சிக்கும் போட்ட முடிச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் நம்பிக்கை உடையவர்களே வாழ்க்கையை நிறைவாக அனுபவிக்கிறார்கள் என்று வாதிடும் தங்கள் நடுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் போட்டிருக்கும் முடிச்சு அவ்வளவு இறுக்கமானதாக எனக்குப் படவில்லை.

அமெரிக்காவில் வழிபாட்டுக்குத் தவறாமல் செல்வோர் மற்றவர்களைவிட மனநிறைவோடு இருப்பதாகக் கூறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது என்பதை, சமூகவியலாளர் சேயூன் லிம்மும் அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னமும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் துருவிப் பார்த்திருக்கிறார்கள். வழிபடும் இடத்தில் நெருங்கிய நண்பர்களைப் பெற்றவர்களிடமே அது காணப்பட்டது. அடிக்கடி வந்தும் அங்கே ஒரு நண்பரும் இல்லாதவர்களிடம் காணப்படவில்லை. அப்படியானால், கட்டுரையாளர் பக்தியின் கணக்கில் வரவு வைத்ததில் பெரும்பகுதியைத் தோழமையின் கணக்குக்கு மாற்றியாக வேண்டும்.

எதிர்த்தரப்பினரும் இதே தவற்றைச் செய்ததுண்டு. கடவுள் அநேகமாக இல்லை, ஆகவே கவலையை விட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள் என்ற பொருள்பட 2009 ஜனவரியில் பிரிட்டனின் பேருந்துகளில் நாத்திகர்கள் விளம்பரம் செய்தார்கள். நம்புகிறவர்கள் எல்லாம் கவலையில் உழல்கிறார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ!

கவலையைத் தருவது, தெய்வத்தைப் பற்றி நமக்கு ஊட்டப்பட்ட அச்சம் என்பதே என் எண்ணம். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மிரட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, பெரியவரான பின்பும், வயிறு குலுங்கச் சிரித்த மறுகணமே இதற்கு என்ன அழுகை காத்திருக்கிறதோ என்று வாயை மூடிக்கொள்வதையும், பிரார்த்தனை ஒருநாள் தவறியதற்கும் குழந்தையின் காய்ச்சலுக்கும் தொடர்பு கற்பித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதையும் நாம் பார்க்கிறோம். அதே தெய்வத்தைத் தாயாக எண்ணுகிறவரோ, பாரத்தை அவள்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். நம்பிக்கை இருவருக்கும் உண்டு, தூக்கம் ஒருவருக்குத்தான்.

ஐயம் புகுந்தால் அமைதி போய்விடும் என்று கட்டுரையாளர் எச்சரிப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மறுமையை நம்பாத தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், 1776-இல் மரணத்தை எதிர்நோக்கியிருந்தபோதும் வழக்கமான நகைச்சுவையோடு உரையாடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் போன எழுத்தாளர் பாஸ்வெல்தான், மறுமையை நம்ப விரும்பியவராக இருந்தும் கலங்கித் திரும்பினார். அன்னை தெரசாவோ, இறைவன் தம்மைக் கைவிட்டதைப் போன்ற வெறுமையைப் பல்லாண்டுகள் சுமந்தவர் என்பது, 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகுக்குத் தெரியவந்தது. அந்த இருளோடுதான் அவர் தம் பணியைக் கடைசிவரை விடாமல் செய்தார். இவ்விருவரையும் கட்டுரையாளர் தம் அளவுகோலில் எங்கே நிறுத்துவார்?

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, கருத்துக்கணிப்பில் மக்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டுகிறேன். மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்வது பக்தியின் அடையாளம் என்று கருதுகிற ஒருவர், அந்தக் கேள்விக்கு வேறு என்ன விடை அளிப்பார்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்