அன்னபூர்ணா நடைப்பயணத்தில் இரண்டு இரவுத் தங்கலைக் கைவிட்டது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், மலையேற்றப் பயண நிறுவனம்,
கிருஷ்ணகிரி கிளை

ஐயா,

வணக்கம். கடந்த அக்டோபரில் உங்கள் நிறுவனம் அழைத்துப்போன நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம் பயணத்தில், தருமபுரியிலிருந்து நானும் என் தங்கையும் வந்திருந்தோம்.

உங்களிடம் பணம் கட்டியதற்கு ஒரே காரணம்தான். நாங்கள் விசாரித்த மற்றவர்கள் எல்லாரும் பாதையில் உள்ள தேவ்ராலி என்ற இடத்திலிருந்து ஒரே நாளில் முகாமுக்கு ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் நோட்டீஸில் மட்டும் தேவ்ராலியில் (சுமார் 3,200 மீட்டர்) ஓர் இரவு, மச்சாபுச்சரே அடிவார முகாமில் (சுமார் 3,700) ஓர் இரவு, அதற்கு அடுத்த நாள்தான் 4,130 மீட்டரில் உள்ள அன்னபூர்ணா முகாம் என்று இருந்தது. உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைத் தெரிந்து போட்ட திட்டம் என்று நம்பித்தான் கூடுதலாகக் கொடுத்தோம்.

நடந்தது வேறு. சுமார் 2,900 மீட்டரில் இருக்கும் ஹிமாலயா விடுதியிலிருந்து கிளம்பும்போது, "மேலே ரெண்டு இடத்துலயும் ரூம் சொல்லி வைக்கல, நேரா முகாமுக்கே போயிடலாம்" என்றார் உங்கள் வழிகாட்டி. இன்னொரு நாள் அங்கேயே தங்கலாமே என்றதற்கு, திரும்பும் ஜீப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். அக்டோபரில் அந்தப் பாதையில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பது தொழில் செய்யும் உங்களுக்குத் தெரியாதா? சினுவா கிராமத்தைத் தாண்டினால் மாமிசத்துக்கு அனுமதி இல்லாத பாதையில், நோட்டீஸில் தினமும் கோழிக் குழம்பு என்று போட்டிருக்கிறீர்கள். பாதையை அறிந்தவர் யாராவது அதைப் படித்துப் பார்த்தாரா என்றே சந்தேகம் வருகிறது.

ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறினோம். முகாமிலும் அறை இல்லை. சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். தங்கைக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டு வாய் பருப்புச் சோறு சாப்பிட்டதும் வாந்தி. அப்புறம் ஷூ கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. வழிகாட்டி ஒரு தலைவலி மாத்திரையைக் கொடுத்து, காலையில் சரியாகிவிடும் என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி நோட்டீஸில் இருந்தது, அவர் பையில் இல்லை.

"உடனே கீழே போகணும்" என்று இந்தியில் சொன்னவர் சுமை தூக்க வந்த நேபாளத் தம்பிதான். அவரே டார்ச் பிடித்து, அவள் கையைப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக மச்சாபுச்சரே முகாமுக்கு இறக்கிவிட்டார். காலையில் அவளே டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்தத் தம்பி மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது.

"நீங்களாகத்தான் இறங்கினீர்கள், பணம் திருப்பித் தர இயலாது" என்று உங்கள் கிளை எழுதியிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் சிகிச்சையே கீழே இறங்குவதுதான்.

கைவிட்ட இரண்டு இரவுகளுக்கான தொகையும், கூடுதலாக வாங்கிய கட்டணமும் திரும்ப வேண்டும். இனி அனுப்பும் குழுக்களுக்கு முன்கூட்டியே அறை சொல்லிவைப்பதாகவும், அறிகுறி தெரிந்தால் இறக்கிவிட வழிகாட்டிக்கு உத்தரவு இருப்பதாகவும் எழுத்தில் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ரசீது, நோட்டீஸ், உங்கள் பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தருமபுரி