படத்தைக் கடைசி எழுத்து வரை ஓட விடுங்கள்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் வட்டாரத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், ஆபரேட்டர் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஈவ்னிங் ஷோ முடிந்தபோது என்ன நடந்தது என்பது உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். வாசலில் நின்று நாங்கள் பேசியதும், "எம்.டி. கிட்ட சொல்றேன்" என்று பதில் வந்ததும் நினைவிருக்கும். எந்த அரங்கு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஒரு அரங்கின் பழக்கமாக இருந்தால் நேரில் வந்தே முடித்திருப்பேன், மடல் எழுதியிருக்க மாட்டேன். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலை நடுவில் நிறுத்தாமல், படத்தைக் கடைசி எழுத்து வரை ஓட விடுங்கள்.

நான் பாம்பன்காரன். பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி வழியாக பஸ் பிடித்து வந்து படம் பார்க்கிற கூட்டத்தில் ஒருத்தன். பேய்ப் படம், சூப்பர்ஹீரோ படம், குடும்பப் படம் மூன்றில் எதையும் விடுவதில்லை. நாலு வாரம் பொறுத்தால் பாதிப் படங்கள் செல்போனுக்கே வந்துவிடுகின்றன என்பதும் தெரியும். இருந்தாலும் உங்களிடம் வருகிறோம். இருட்டில் முந்நூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீட்டுக் கட்டிலில் கிடைக்காது.

அதுவும் இந்த இரண்டு மூன்று வருடமாக எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல காலம். 2024 ஆகஸ்டில் 'டிமான்ட்டி காலனி 2' வந்தபோது, முதல் பாகத்தை 2015-இல் காலேஜ் பையனாகப் பார்த்தவர்கள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' களியங்காட்டு நீலியை, மலையாளத்து யட்சிக் கதையிலிருந்து எடுத்து வந்து சூப்பர்ஹீரோவாகவே ஆக்கிவிட்டது. அது பேய்ப் படமா சூப்பர்ஹீரோ படமா என்று எனக்கும் என் அக்கா மகனுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 மே 1-ஆம் தேதி வந்த படம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு நேரம் நிறைய, காசு குறைவு. அப்படியும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். படத்தில் இலங்கையிலிருந்து ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கும்போது, என் பின்வரிசையில் இரண்டு படகோட்டிகள் இது அரிச்சல்முனையா சேராங்கோட்டையா என்று சத்தமாகவே வாதம் செய்தார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி சினிமா மட்டுமில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கருவாடு காயப்போட்டு விற்கிறவர். அவர் மகன் சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவன் பார்ப்பது 'ரோட்டோ' வேலை. நடிகரின் உருவத்தைச் சுற்றி, தலைமுடி உட்பட, ஒவ்வொரு ஃபிரேமாகக் கோடு போட்டுத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அப்புறம்தான் பின்னால் பேயோ புகையோ வைக்க முடியும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். பேய் கூந்தலை விரித்துக்கொண்டு பத்து நொடி நடந்தால் 240 ஃபிரேம். உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பையனுக்கு இந்த வயதிலேயே கழுத்து வலி.

அவன் வேலை பார்த்த படம் ஊருக்கு வந்தது. போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "கடைசியில பேரு ஓடும்மா. கிராபிக்ஸ்னு வர்ற இடத்துல என் பேரும் இருக்கு. சின்ன எழுத்துதான், பாத்துக்கிட்டே இரு."

அக்காவுக்குப் பேய்ப் படம் என்றாலே ஆகாது. படம் முழுக்க முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பெயர்கள் இங்கிலீஷில் வேறு ஓடும். அதனால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வந்தா வெரலால காட்டுடி" என்றார். இயக்குநர், நடிகர்கள், கேமரா, எடிட்டிங் எல்லாம் போனது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. துடைப்பத்தோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அப்போதும் அக்கா எழுந்திருக்கவில்லை. சண்டைப் பயிற்சி, உடை, சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தபோது படம் பட்டென்று நின்றது. திரையில் நகைக்கடை விளம்பரம்.

"படம் முடிஞ்சிருச்சுக்கா, கெளம்புங்க" என்றார் டார்ச் வைத்திருந்த தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். "எம் மகன் பேரு இன்னும் வரலையேய்யா" என்று அக்கா கேட்டதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை. உங்களிடமாவது இருக்கிறதா?

அடுத்த காட்சிக்கு ஆள் உள்ளே வர வேண்டும், பெருக்க வேண்டும், வண்டி வெளியே போக வேண்டும் என்பீர்கள். ஈவ்னிங் ஷோவுக்கு அதை ஒத்துக்கொள்கிறேன். செகண்ட் ஷோவுக்கு அப்புறம் எந்தக் காட்சிக்கு அவசரம்? 'லோகா'வில் அடுத்த பாகத்துக்கான துண்டுக் காட்சியை, பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் வைத்திருந்தார்கள். 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தில் எல்லாப் பெயரும் ஓடி முடிந்த பிறகு ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிய நிக் ப்யூரி வந்து பேசினாரே, அதிலிருந்து சூப்பர்ஹீரோ படம் என்றால் வால் ஒன்று இருக்கும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 'லோகா'வின் வாலை நாங்கள் பார்த்தது ராத்திரி ஒரு மணிக்கு, விளக்கெல்லாம் எரிய, திரை வெளிறிப் போயிருக்க, முன்னால் ஒருவர் காலி பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த நிலையில். என் அக்கா மகன் அதைத் திரும்ப வீட்டில் செல்போனில் பார்த்துக்கொண்டான். செல்போனுக்கு ஆளை அனுப்பிவைக்கும் வேலையை நீங்களே செய்துவிட்டு, கூட்டம் குறைகிறது என்று வருத்தப்படுகிறீர்கள்.

இதை மாற்றப் பெரிய செலவு எதுவும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். இப்போது படச்சுருள் இல்லை, பெட்டி மாற்றும் வேலை இல்லை. படம் டிஜிட்டலாக வருகிறது, அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வருகிறது. விளம்பரம் எங்கே, இன்டர்வெல் எங்கே, எந்த நொடியில் விளக்கு எரிய வேண்டும் என்பதையெல்லாம் பிளேலிஸ்டில் முன்கூட்டியே போட்டு வைக்கலாம். விளக்கு எரியும் இடத்தைச் சில நிமிடம் தள்ளி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். நடக்கிறவர்களுக்கு வேண்டுமானால் படிக்கட்டு விளக்கை மட்டும் போடுங்கள். பாம்பனில் 2025-இல் திறந்த புதுப் பாலத்தில், கப்பல் போக வேண்டும் என்பதற்காக 72.5 மீட்டர் தண்டவாளத்தையே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். உங்களிடம் யாரும் எதையும் தூக்கச் சொல்லவில்லை. ஒரு சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கத்தான் சொல்கிறோம்.

படத்தைச் சுருக்கும் உரிமை எடுத்தவர்களுக்கு உண்டு. 'மெய்யழகன்' வெளியான சில நாளில் 18 நிமிடம் போல் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அது அவர்கள் படம், அவர்கள் முடிவு. பெயர்ப் பட்டியலைக் குறைக்கச் சொல்லி உங்களுக்கு யார் கடிதம் போட்டார்கள்?

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சவுண்ட். சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியில் 7 என்ற அளவை வைத்துத்தான் படத்துக்கு ஒலி சேர்க்கிறார்கள். நம் பக்கம் நாலு, நாலரைக்கு மேல் வைப்பதில்லை என்று ஒரு ஆபரேட்டரே என்னிடம் சொன்னார். ஸ்பீக்கர் போய்விடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் பேய்ப் படத்தில் மரக்கதவுக்குப் பின்னால் யாரோ முணுமுணுக்கும்போது எங்களுக்குக் கேட்பது ஏசி இரைச்சலும் பக்கத்து சீட்டு முறுக்கும்தான். பேய் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரிகிறது. ஏசியையும் இன்டர்வெல்லுக்கு அப்புறம் அணைத்துவிடுகிறீர்கள், அந்த நேரத்தில்தான் கொஞ்சம் வசனம் புரிகிறது. அதற்காக நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. 100 ரூபாயும் அதற்குக் குறைவுமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது 2025 செப்டம்பரில். அந்தச் சந்தோஷம் கவுண்டர் வரைக்கும் வந்து சேரவில்லை. பாப்கார்ன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு மடல் ஆகும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன். தொழில் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரியாதவர்கள் இல்லை நாங்கள். விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிற ஊர் எங்களுடையது. உங்கள் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஈவ்னிங் ஷோவில் நேரம் போதவில்லை என்றால் முன்னால் ஓடும் விளம்பரத்தில் இரண்டைக் குறையுங்கள். ஒரே நகைக்கடையை ஒரே காட்சியில் மூன்று தடவை பார்க்கிறோம், முகவரியே மனப்பாடம்.

அந்த அக்காவின் மகன் வேலை பார்த்த படம் வியாழக்கிழமை வரை உங்களிடம் ஓடும் என்று போஸ்டரில் இருக்கிறது. புதன்கிழமை ஈவ்னிங் ஷோவுக்கு எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் வருகிறோம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துத்தான் வருகிறோம், சலுகை வேண்டாம். கிராபிக்ஸ் ஆட்களின் பெயர் போய் முடியும் வரை விளக்கைப் போடாமல், படத்தை நிறுத்தாமல் இருக்கும்படி தயவுசெய்து ஆபரேட்டரிடம் சொல்லி வையுங்கள். பெயர் ஓடி முடிந்ததும் நாங்களே எழுந்து கிளம்பிவிடுவோம்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு ரசிகன்